உளவியல் ஆசிரியை ஆகலாமா?

"படித்து முடித்து என்னவாகப் போகிறாய்?" இந்த வினாவைச் சந்திக்காத மாணவி நம் பள்ளியில் ஒருத்தியும் இருக்கமாட்டாள். மருத்துவர், செவிலியர், மாவட்ட ஆட்சியர், கணினிப் பொறியாளர், கணக்கு ஆசிரியை என்று விடைகள் வரிசையாக வரும். இவ்வாண்டு எங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் இதே வினா எழுந்தபோது ஒருத்தி எழுந்து நின்று, "உளவியல் கற்பிக்கும் ஆசிரியை ஆக விரும்புகிறேன்" என்றாள். வகுப்பே சிரித்தது. "என் மனத்தில் என்ன இருக்கிறது, சொல் பார்ப்போம்!" என்று கேலி செய்தோர் பலர். வீட்டிலோ அவளுடைய அம்மா, "ஏன்டி, பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலயா வேலை பார்க்கப் போற?" என்று கலங்கினாராம்.

கேலி செய்தவர்களில் நாங்களும் உண்டு. அவள் ஏன் அம்முடிவுக்கு வந்தாள் என்பதை அறிந்தபின் வெட்கப்பட்டோம். அந்த வெட்கமே இக்கட்டுரை பிறக்கக் காரணம். உளவியல் என்பது யாது, அதைக் கற்பிப்பது எத்தகைய தொழில், நாரணாபுரத்திலிருந்து ஒரு பெண் அத்தொழிலை அடைய என்ன படிக்க வேண்டும், எத்தனை ஆண்டு ஆகும் என்பவற்றை நூல்களில் தேடியும், கற்றறிந்தோரிடம் கேட்டும் தெரிந்துகொண்டோம். எங்கள் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் அவற்றை இங்கே தருகிறோம்.

காதைப் பொத்திக்கொண்ட தோழி

நாங்கள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது எங்களோடு ஒரு தோழி படித்தாள். பெயர் வேண்டாம். மணி அடித்தால் திடுக்கிட்டு இரு காதுகளையும் பொத்திக்கொள்வாள். பெஞ்சு சாய்ந்து விழுந்தால் அவள் உடல் நடுங்கும். "பட்டாசு ஊரில் பிறந்துவிட்டுச் சத்தத்திற்குப் பயமா?" என்று நாங்கள் சிரித்தோம். ஒரு நாள் ஒருத்தி காகிதப் பையை ஊதி அவள் பின்னால் வைத்து 'டப்' என்று வெடித்தாள். அன்று அவள் அழுத அழுகை இன்றும் எங்கள் கண்முன் நிற்கிறது.

பிறகுதான் செய்தி தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சித்திக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனவள், வாசலில் நின்றுகொண்டிருந்தபோது உள்ளே ஓர் அறை வெடித்திருக்கிறது. சித்தி வீடு திரும்பவில்லை. எட்டாம் வகுப்போடு எங்கள் தோழியும் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். யாரையும் நாங்கள் குறை கூறவில்லை. அவளுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது அன்று எங்களில் எவருக்குமே தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அன்று காகிதப் பையை வெடித்தவள்தான் இன்று உளவியல் ஆசிரியை ஆக விரும்புகிறவள்.

உளவியல் என்பது யாது?

பெரியவர்கள் 'மனோதத்துவம்' என்று சொல்லி வந்ததையே இன்று உளவியல் என்கிறோம். இது பிறர் மனத்தில் இருப்பதைக் கண்டு சொல்லும் சோதிடம் அன்று. மனிதர் எப்படிக் காண்கின்றனர், கற்கின்றனர், நினைவில் கொள்கின்றனர், மறக்கின்றனர், அஞ்சுகின்றனர், சினம் கொள்கின்றனர், பிறரோடு பழகுகின்றனர் என்பவற்றை உற்றுநோக்கலாலும் சோதனையாலும் ஆராயும் அறிவியல் ஆகும்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை எட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தோன்ற நான்கு காரணங்களையும் அது கூறுகிறது. அச்சம் அவ்வெட்டில் ஒன்று. ஆகவே உள்ளத்தை ஆராய்வது தமிழர்க்குப் புதியதன்று. அதைச் சோதனைச்சாலையில் வைத்து அளந்து பார்க்கும் முறைதான் புதியது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் 1879-ஆம் ஆண்டு நிறுவிய ஆய்வகமே அதன் தொடக்கம் என்பர்.

இந்தியாவுக்கு அக்கல்வி வந்த வழியில் நம் ஊரார் வியக்கத்தக்க ஒரு பொருத்தம் இருக்கிறது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அதே கல்கத்தாவில், பல்கலைக்கழகத்தில், 1916-ஆம் ஆண்டிலேயே உளவியல் தனித்துறையாகத் தொடங்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதற்குத் தலைமை ஏற்றார். நம்மவர் தீக்குச்சி செய்யக் கற்ற நகரில் உள்ளத்தை ஆராயவும் கற்பித்துக்கொண்டிருந்தார்கள்! முதலாவது நம் ஊருக்கு உடனே வந்து சேர்ந்தது. இரண்டாவது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

கல்கத்தாவை அடுத்து 1924-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தோன்றியது. அதன் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935-ஆம் ஆண்டு தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கி, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அகில இந்திய வானொலி அப்பெயரையே ஏற்றுக்கொண்டது. நாடு முழுவதும் ஒலித்த ஒரு சொல், உளவியல் ஆசிரியர் ஒருவரின் வீட்டிலிருந்து புறப்பட்டது என்பது நாங்கள் தேடியபோது கிடைத்த இனிய செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ஆம் ஆண்டு டாக்டர் ஜி. டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறை தொடங்கியது.

மருத்துவர் வேறு, ஆசிரியர் வேறு

நம் பெற்றோரின் அச்சத்திற்கு முதற்காரணம், நான்கு வகைப் பணியாளரையும் ஒருவராகவே எண்ணிக்கொள்வதுதான். அவர்களைப் பிரித்தறிவோம்.

மனநல மருத்துவர் முதலில் எம்.பி.பி.எஸ். படித்து, பின் மனநல மருத்துவத்தில் மேற்பட்டம் பெற்றவர். மருந்து எழுதும் உரிமை அவருக்குண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை 1961-இல் ஏற்றவர். மனச்சிதைவு நோயாளர்க்கென 'ஸ்கார்ஃப்' என்னும் தொண்டு நிறுவனத்தை 1984-இல் சென்னையில் தோற்றுவித்தவரும் அவரே.

மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. சோதனைகளாலும் பேச்சுவழிச் சிகிச்சையாலும் உதவுகிறார். இதற்குத் தனிப்பயிற்சி பெற்று இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆற்றுப்படுத்துநர் பள்ளியிலும் குடும்பத்திலும் எழும் சிக்கல்களைக் கேட்டு வழிகாட்டுகிறார்.

நான்காமவர் உளவியல் ஆசிரியர். இவர் நோயாளிகளைப் பார்ப்பவர் அல்லர். மாணவர்க்கு இந்த அறிவியலைக் கற்பிப்பவர். மற்ற மூவரும் இவருடைய வகுப்பறை வழியாகவே வருகின்றனர். பள்ளி ஆசிரியரும் செவிலியரும் சமூகப் பணியாளரும் தம் பயிற்சிக் காலத்தில் இவரிடமே பாடம் கேட்கின்றனர். மருத்துவர் ஒரு நேரத்தில் ஒருவரைக் குணப்படுத்துகிறார். ஆசிரியரோ ஒரு நேரத்தில் ஐம்பது பேருக்குக் கண்ணைத் திறந்துவிடுகிறார் எனலாம்.

ஒரு நாள் வகுப்பு

உளவியல் வகுப்பில் என்னதான் கற்பிப்பார்கள்? எங்கள் தோழியின் அச்சத்தை விளக்கும் ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம்.

ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், உணவு தரும் முன் ஓர் ஒலியை எழுப்பி வந்தால் நாளடைவில் அவ்வொலிக்கே நாயின் வாயில் உமிழ்நீர் சுரப்பதைக் கண்டார். ஒன்றோடொன்று சேர்ந்து வந்தவை மனத்தில் பிணைந்துவிடுகின்றன. 1920-இல் அமெரிக்காவில் ஜான் வாட்சன், ரோசலி ரெய்னர் என்னும் இருவர், ஆல்பர்ட் என்று பெயர் சூட்டிய ஒரு வயது நிரம்பாத குழந்தையிடம் இதைச் சோதித்தனர். அக்குழந்தை வெள்ளெலியைக் கண்டு முதலில் அஞ்சவில்லை. எலியைத் தொடும்போதெல்லாம் அதன் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியால் தட்டிப் பேரொலி எழுப்பினர். சில முறைகளிலேயே குழந்தை எலியைக் கண்டு அழத் தொடங்கியது. பின் முயலைக் கண்டும், உரோம அங்கியைக் கண்டும் அழுதது. இத்தகைய சோதனையை இன்று எவரும் செய்ய இயலாது, செய்யவும் கூடாது. ஆனால் அது காட்டிய உண்மை பெரிது. அச்சம் கற்கப்படுகிறது. கற்ற அச்சம் அதைப் போன்ற பிறவற்றின் மீதும் பரவுகிறது.

இங்கேதான் எங்கள் தோழி நினைவுக்கு வருகிறாள். வெடிச்சத்தத்தோடு சித்தியின் இழப்பு பிணைந்துவிட்டது. அச்சத்தம் மணியோசைக்கும் பெஞ்சு விழும் ஓசைக்கும் பரவிவிட்டது. அவள் நடிக்கவில்லை. கோழையும் அல்லள். அவள் உடல் கற்றுக்கொண்ட பாடத்தை அது ஒப்புவித்தது, அவ்வளவுதான்.

பாடம் இத்துடன் முடியவில்லை. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண் அறிஞர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவனின் அச்சத்தைப் போக்கிய முறையை வெளியிட்டார். சிறுவன் விரும்பிய தின்பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது, முயலைக் கூண்டோடு தொலைவில் வைத்தார். நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். ஆம்! கற்ற அச்சத்தைக் கற்றதுபோலவே மறக்கவும் முடியும். ஆனால் மெல்ல மெல்ல, அன்போடு, குழந்தை அஞ்சாத தொலைவிலிருந்து தொடங்க வேண்டும். திடீரென்று பின்னால் நின்று காகிதப் பையை வெடித்தால் அச்சம் இன்னும் ஆழமாக வேரூன்றும்.

இப்பாடம் நமக்கு அயலானதா? 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5, நாடெங்கும் ஆசிரியர் தினம் கொண்டாடிய நாளில், நம் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன்பும் பின்பும் நம் வட்டாரத்தில் நிகழ்ந்த விபத்துகளை நாளிதழ்கள் சொல்லும். மாண்டவர் கணக்கும் காயமுற்றவர் கணக்கும் அதில் வரும். மணியோசைக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைகளின் கணக்கு எதிலும் வருவதில்லை.

தேர்வுக்குப் படிக்கும் நமக்கும் உளவியலில் பாடம் உண்டு. எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் ஒரு மணி நேரத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்வதைக் கண்டார். ஒரே இரவில் விழித்திருந்து பத்து முறை படிப்பதைவிட, அதே பத்து முறையைப் பல நாட்களுக்குப் பங்கிட்டுப் படிப்பது நிலைக்கும் என்பதும் அவர் கண்டதே. "அன்றன்றைக்குப் படியுங்கள்" என்று நம் ஆசிரியைகள் சொல்வது வெறும் அறிவுரையன்று, அறிவியல்!

எங்கெங்கே கற்பிக்கலாம்?

உளவியல் ஆசிரியர்க்கு வாயில்கள் பல உண்டு. முதலாவது கலை அறிவியல் கல்லூரி. அங்கே பி.ஏ., பி.எஸ்ஸி., எம்.ஏ., எம்.எஸ்ஸி. உளவியல் மாணவர்க்குப் பாடம் நடத்தலாம். இரண்டாவது ஆசிரியர் கல்வி நிறுவனம். பி.எட். வகுப்பிலும் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பிலும் குழந்தை வளர்ச்சியும் கற்றல் உளவியலும் கட்டாயப் பாடங்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 மதிப்பெண்ணுக்கு 30 மதிப்பெண் குழந்தை மேம்பாடும் கற்பிக்கும் முறையும் என்ற பகுதிக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. மூன்றாவது செவிலியர் கல்லூரி. பி.எஸ்ஸி. நர்சிங் முதலாண்டிலேயே பயன்பாட்டு உளவியல் பாடமாக உண்டு. நான்காவது மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகள். அங்கே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் உளவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம்.

நாங்கள் இரண்டாவது வாயிலையே மிக உயர்வாக எண்ணுகிறோம். பி.எட். மாணவியர் ஐம்பது பேருக்கு ஒருவர் குழந்தை உளவியலைப் புரியும்படி கற்பித்தால், அவர்கள் ஐம்பது ஊர்களுக்குச் செல்வார்கள். ஒவ்வொருவரும் தம் பணிக்காலத்தில் எத்தனை நூறு குழந்தைகளைக் காண்பார்கள்!

வழியும் ஆண்டுக் கணக்கும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. உளவியல் மூன்றாண்டு. பல கல்லூரிகள் எந்தப் பிரிவு படித்தவரையும் சேர்த்துக்கொள்கின்றன. எனினும் சேரும் முன் அந்தந்தக் கல்லூரியின் விதியைக் கேட்டறிவது நலம். அடுத்து எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. இரண்டாண்டு. சென்னை, அண்ணாமலை, பாரதியார் ஆகிய பல்கலைக்கழகங்களில் உளவியல் துறைகள் உள்ளன. சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி போன்றவற்றிலும் உளவியல் கற்பிக்கப்படுகிறது.

கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆக, முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. அதன்மேல் 'நெட்' என்னும் தேசியத் தகுதித் தேர்விலோ, 'செட்' என்னும் மாநிலத் தகுதித் தேர்விலோ வெற்றி பெற வேண்டும். நெட் தேர்வில் முதல் தாள் 100 மதிப்பெண், பாடத்தாள் 200 மதிப்பெண். முனைவர் பட்டம் கட்டாயம் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டாலும், நெட், செட் ஆகியவையே குறைந்த அளவுத் தகுதி எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஜூலையில் திருத்தம் செய்தது. பதவி உயர்வை எண்ணுவோர்க்கு முனைவர் பட்டம் பெரிதும் பயன்படும். பி.எட். கல்லூரியில் உளவியல் கற்பிக்க விரும்புவோர் பொதுவாக முதுகலைப் பட்டத்துடன் எம்.எட். பட்டமும் பெற்றிருக்க வேண்டும்.

ஆக, பதினேழு வயதில் பள்ளியை முடிக்கும் பெண், தடையின்றிப் படித்தால் இருபத்திரண்டு வயதில் முதுகலைப் பட்டதாரி. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில் தகுதித் தேர்வை முடித்து ஆசிரியையாக நிற்கலாம். பி.எட்., எம்.எட். வழியே செல்வோர்க்கு இன்னும் நான்காண்டு கூடும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. முன்பெல்லாம் அஞ்சல் வழியில் உளவியல் பட்டம் பெற்றவர் நம் பக்கத்தில் பலர். 2025-ஆம் ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் கல்விப் பருவம் முதல் தொலைநிலைக் கல்வியிலும் இணையவழியிலும் உளவியல் பாடப்பிரிவுகளை நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. ஆகவே "வீட்டிலிருந்தே உளவியல் பட்டம்" என்னும் விளம்பரத்தைக் கண்டு பெற்றோர் பணம் கட்டிவிட வேண்டாம்.

செலவைப் பற்றி ஒரு சொல். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் அது 2024 டிசம்பரில் விரிவாக்கப்பட்டது. விடுதிக் கட்டணம் முழுவதற்கும் அது போதாது. ஆயினும் புத்தகத்திற்கும் பேருந்திற்கும் தந்தையிடம் கையேந்தாமல் இருக்கலாம் அன்றோ!

முள்ளும் உண்டு

ரோஜாவை மட்டும் காட்டி முள்ளை மறைப்பது நேர்மையாகாது. தமிழ், ஆங்கிலம், கணிதம் போல எல்லாக் கல்லூரிகளிலும் உளவியல் இல்லை. எனவே பணியிடங்கள் குறைவு. அரசுக் கல்லூரிப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திருக்க நேரும். அதுவரை தனியார் கல்லூரியில் குறைந்த ஊதியத்தில் பணியாற்ற வேண்டியிருக்கலாம்.

மொழி அடுத்த முள். நல்ல பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. நெட் உளவியல் வினாத்தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருகிறது. தமிழ்வழி மாணவியர் இதற்கென இப்போதிருந்தே ஆங்கிலத்தில் உழைக்க வேண்டும். ஆனால் இந்த முள்ளே நமக்கு வாய்ப்பும் ஆகிறது. நுண்ணறிவு, ஆளுமை, கவனம், ஊக்கம், நனவிலி மனம் என்று அழகிய கலைச்சொற்கள் தமிழில் இருக்கின்றன. அவற்றைத் தீப்பெட்டி ஒட்டும் தாய்க்கும் புரியும்படி எடுத்துச் சொல்ல, இரு மொழியும் அறிந்த, இவ்வூர் வாழ்க்கையும் அறிந்த ஆசிரியை வேண்டும். அவளை வெளியூரிலிருந்து வரவழைக்க முடியாது.

மூன்றாவது முள் நாம் விழிப்பாக இருக்க வேண்டியது. உளவியல் கற்பிப்பவர் என்று தெரிந்தவுடன் பலர் தம் துயரங்களைக் கொட்டுவர். கேட்பது கடமை. கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது அதனினும் பெரிய கடமை. ஆனால் தாம் சிகிச்சை அளிப்பவர் அல்லர் என்பதை மறவாமல், தக்கவரிடம் அனுப்பிவைக்க வேண்டும். மனத்துயர் உற்றோர் கட்டணமின்றிப் பேச 14416 என்ற 'டெலி மானஸ்' எண் 2022 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது. இடருறும் குழந்தைகளுக்கு 1098. இவ்விரு எண்களையும் நம் நாட்குறிப்பின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்வோம்.

கொடைக்கானலில் இருந்த அம்மையார்

குழந்தையின் உள்ளத்தை ஆசிரியர்க்குக் கற்பித்த ஒருவர் நம் தமிழகத்திலேயே வாழ்ந்திருக்கிறார். இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார், ரோமின் ஏழை மக்கள் குடியிருப்பு ஒன்றில் 1907-இல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியவர். 1939-ஆம் ஆண்டு இறுதியில் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஏறத்தாழ முந்நூறு பேர் அதில் பயின்றனர். இரண்டாம் உலகப்போரில் இத்தாலி பகை நாடாகிவிட்டதால் அவரால் ஊர் திரும்ப இயலவில்லை. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நமக்கு அணித்தேயுள்ள கொடைக்கானலில் தங்கி, அங்கும் குழந்தைகளை உற்றுநோக்கியும் ஆசிரியர்க்குக் கற்பித்தும் வந்தார்.

அவர் ஆசிரியர்க்குக் கற்பித்தவற்றுள் முதன்மையானது, குழந்தையை ஊன்றிக் கவனித்துப் பார் என்பதாகும். அதட்டுமுன் பார், திருத்துமுன் பார், அது ஏன் அப்படிச் செய்கிறது என்று பார். எங்கள் தோழியை அன்று யாரேனும் அவ்வாறு பார்த்திருந்தால்! இந்த எண்ணம்தான் எங்களை விட்டு அகலாமல் இருக்கிறது.

நம் வட்டாரத்தின் தேவை

1970-களிலும் 80-களிலும் சிவகாசி என்றால் உலகிற்கு நினைவு வந்தது குழந்தைத் தொழிலாளரே. விடியுமுன் ஆலைப் பேருந்துகளில் ஏறிச் சென்ற பிள்ளைகளின் கதையை நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். சிலர் தம் கதையாகவே சொல்வார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. அப்பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளும் அதன்பின் தோன்றின. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் வழங்கிய தீர்ப்பு நம் வட்டாரத்துப் பிள்ளைகளைப் பற்றியதே. 2016-இல் செய்த திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும், பதினெட்டு வயதுக்குட்பட்டோரை அபாயத் தொழில்களிலும் அமர்த்தக் கூடாது என்றது.

சட்டம் பிள்ளையை ஆலையிலிருந்து பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விடும். வாசலுக்கு உள்ளே நடப்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை தடுமாறினால், 'மக்கு' என்ற ஒரு சொல் போதும், அது திரும்பிப் போய்விடும். 1905-இல் பிரான்சு நாட்டில் ஆல்ஃபிரட் பினே அறிவுச் சோதனையை உருவாக்கியபோது, எந்தப் பிள்ளைக்குத் தனி உதவி தேவை என்று கண்டறியவே அதை உருவாக்கினார். பிள்ளையின் அறிவு என்றும் மாறாதது என்ற எண்ணத்தை அவர் வன்மையாக மறுத்தார். இதைக் கற்றறிந்த ஆசிரியை 'மக்கு' என்ற சொல்லை வாயெடுத்துச் சொல்லமாட்டாள்.

பெற்றோர்க்கும் தங்கையர்க்கும்

அன்புள்ள பெற்றோரே! உங்கள் மகள் உளவியல் படிக்க வேண்டும் என்று கேட்டால் அஞ்சவேண்டாம். அது பைத்தியத்திற்கு வைத்தியம் பார்க்கும் படிப்பன்று. மனிதரைப் புரிந்துகொள்ளும் படிப்பு. கல்லூரியின் அங்கீகாரத்தையும், விடுதியின் வசதியையும், படிப்புக்குப்பின் எழுத வேண்டிய தேர்வுகளையும் அவளோடு அமர்ந்து விசாரியுங்கள். எங்கள் தோழியின் அம்மாவும் இவற்றையெல்லாம் கேட்டறிந்தபின், "சரி, முதல்ல மார்க்கை எடு, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அதுவே பாதி வெற்றி.

அன்புத் தங்கையரே! நீங்கள் உளவியல் ஆசிரியை ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆனால் உங்கள் வகுப்பில் காரணமின்றி அழுகிறவள், காரணமின்றி மௌனமாகிவிட்டவள், சிறு ஓசைக்கும் நடுங்குகிறவள் யாரேனும் இருந்தால் சிரிக்காதீர்கள். காரணம் இல்லாமல் இல்லை. நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அருகில் போய் அமருங்கள். ஆசிரியையிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இவ்வாண்டு மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எங்கள் பழைய தோழியின் வீட்டுக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுக்க இருக்கிறோம். காகிதப் பையை வெடித்தவளும் உடன் வருகிறாள். மன்னிப்புக் கேட்க ஆறு ஆண்டு தாமதம் ஆகிவிட்டது. ஆனால் பள்ளிக்கு மீண்டும் வருவதற்கு அவளுக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. எட்டாம் வகுப்பு முடித்தவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழி இருக்கிறது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறோம்.